விளைவுகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

லண்டன் தமிழரை ஒரு வருசம் சங்கம் வைக்காமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். இருப்பார்கள். ஆனால் அப்படி இருப்பதைக் கண்காணிக்க ஒரு சங்கம் வைப்பார்கள், அடுத்த மாதம் அது இரண்டாகும். அந்த வழியில் பிறந்ததுதான் ஐக்கிய இராச்சிய யுத்தக் காரண காரிய ஆய்வுப் பேரவை. ஊரில் யுத்தம் ஏன் வந்தது, வந்து என்ன செய்தது என்று ஆராய்ந்து உலகத்துக்குச் சொல்வது அதன் வேலை. யுத்தம் முடிந்த கையோடு தொடங்கினார்கள். யுத்தம் எத்தனை வருசம் நடந்ததோ அதில் பாதிக்கு மேல் இப்போது ஆராய்ச்சியிலேயே போய்விட்டது. இன்னும் காரணத்தில்தான் நிற்கிறார்கள். விளைவுக்கு வந்து சேரவில்லை.

பேரவையில் பதவி கொடுக்க ஒரு முறை இருந்தது. நாட்டை விட்டு யார் முந்தி வெளிக்கிட்டாரோ அவர் மூத்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டு கப்பலேறிய அம்பலவாணர் பெருங்காப்பாளர். எழுபத்தொன்றில் கணக்கியல் படிக்க வந்த யோகலிங்கம் தலைவர். எழுபத்தேழில் வந்த தவமலர் செயலாளர். எண்பத்தாறில் சிறுவனாக வந்த கிறிஸ்துநாயகம் உதவிச் செயலாளர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று முன்னோர் சொன்னதைப் பேரவை தன் யாப்புச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். யுத்தத்தின் கடைசி நாள்வரை உள்ளுக்குள் கிடந்துவிட்டு வந்தவர்களையும் பேரவை கைவிடவில்லை. அவர்களுக்கு 'விளைவு உறுப்பினர்' என்று பெயர். கதிரை அடுக்குவார்கள், தேத்தண்ணி ஊற்றுவார்கள், கூட்டம் முடிய அதே கதிரையைத் திரும்பவும் அடுக்குவார்கள்.

றோஸ்மலர் விளைவு உறுப்பினர். கோலியர்ஸ் வுட்டில் வீடு, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாகக் கடற்கரை மணலில் நடந்தபோது அவள் தம்பி தண்ணிக்கானை விட்டுவிட்டோம் என்று திரும்பி ஓடினான். வரவில்லை. ஆணைக்குழுக்களிடம் கேட்டாள், சாத்திரக்காரரிடம் கேட்டாள், முகநூலிலும் எழுதிப் பார்த்தாள். அங்கே 'ஆழ்ந்த இரங்கல்' என்று கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன. உயிரோடு இருக்கிறானா என்று கேட்டவளுக்கு இரங்கல். அன்று போனை எறியாமல் விட்டதே பெரிய காரியம்.

பேரவை மாநாட்டுக்குப் பாரிசிலிருந்தும் பேர்ணிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் சனம் வரும். அதில் ஒருவராவது அவனைக் கண்டிருக்கக்கூடும். ஒலிவாங்கி முன்னால் நின்று, பெயரைச் சொல்லி, கண்டீர்களா என்று கேட்கவேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு வருசமும் கேட்பாள். காரணம் முடியாமல் விளைவுக்குப் போக ஏலாது என்பார்கள். இந்த வருசம், அதிசயமாக, நிகழ்ச்சிநிரலின் அடியில் அவள் பெயர் இருந்தது: 'விளைவுகள்: மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.' றோஸ்மலர் ஷிப்டை மாற்றிக்கொண்டு, நல்ல சீலை ஒன்று கட்டிக்கொண்டு மாநாடு நடக்கும் சட்டனுக்கு வந்தாள்.

மாநாடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பிள்ளைகள் பட்மின்டன் விளையாடுவதற்காக நிலத்தில் கோடு போட்டிருந்தது. நெருப்புக் கொழுத்தக் கூடாது என்று பள்ளிக்கூடம் சொல்லியிருந்ததால், குத்துவிளக்கு பற்றரியில் எரிந்தது. ஒரு பொத்தானை அமத்தினால் ஐந்து திரியும் சேர்ந்து எரியும். இங்கேதான் சிக்கல். ஐந்து திரி என்றால் ஐந்து பிரமுகருக்குப் பங்கு வைக்கலாம், ஒரு பொத்தானை எப்படிப் பங்கு வைப்பது? செயற்குழு கூடி ஆராய்ந்து, ஒருவர் விளக்கை ஏற்றுவது, அடுத்தவர் வருவதற்குள் கிறிஸ்துநாயகம் அதை அணைத்து நூர்ப்பது என்று முடிவெடுத்தது. வந்த பிரமுகர்கள் ஏற்ற ஏற்ற, கிறிஸ்துநாயகம் நூர்த்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பிரமுகர் அமத்தியபோது பற்றரி செத்துவிட்டது. அவர் அதைத் தனக்குச் செய்த அவமானமாக எடுத்துக்கொண்டு வெஸ்ட் ஈலிங்குக்குத் திரும்பிப் போனார். மாலைக்குள் அவர் ஒரு சங்கம் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

பெருங்காப்பாளர் அம்பலவாணரை இரண்டு பேர் பிடித்து எழுப்பிவிட்டார்கள்.

"இந்த யுத்தம் வரும் எண்டு எனக்கு ஐம்பத்தேழிலேயே தெரியும்" என்றார் அவர். "தெரிஞ்ச உடனை நான் என்ன செய்தனான்? ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் எல்லாரும் கப்பலுக்கு வந்திடுவினம், ரிக்கற் கிடையாது. தீர்க்கதரிசனம் எண்டால் அதுதான் பிள்ளையள்."

மண்டபம் கைதட்டியது. றோஸ்மலரும் தட்டினாள். தட்டாவிட்டால் நிரலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

தேத்தண்ணி நேரத்தில், பாரிசிலிருந்து வந்த ஒருவர் யுத்தத்தின் கடைசியில்தான் ஊரைவிட்டுப் புறப்பட்டவர் என்று கேள்விப்பட்டு, றோஸ்மலர் அவரிடம் கோப்பையை நீட்டிக்கொண்டே, "அண்ணை, நீங்கள் கடைசியா எந்தப் பக்கத்தால வந்தனீங்கள்?" என்று மெல்லத் தொடங்கினாள். எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, கிறிஸ்துநாயகம் பாய்ந்து வந்தார்.

"அக்கா, அது விளைவு. இப்ப காரணம் நடக்குது. ஒழுங்கைக் குழப்பாதைங்கோ."

"தேத்தண்ணி தானே தம்பி நடக்குது."

"காரணத்துக்கான தேத்தண்ணி, அக்கா."

கிறிஸ்துநாயகம் எப்போதும் இப்படித்தான். கடைசிக்கால யுத்தத்தைப் பற்றி எங்காவது ஒரு சொல் எழுந்தால் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. றோஸ்மலர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

பிறகு காரணம் தொடங்கியது. யுத்தம் எந்த ஆண்டு தொடங்கியது? கலவரம் நடந்த எண்பத்துமூன்று என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். அவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். எண்பத்துமூன்று கதிரை அடுக்குவோரும் சொல்லக்கூடிய ஆண்டு. தவமலர் எழுந்து ஐம்பத்தாறு என்றார், சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த ஆண்டு. யோகலிங்கம் நாற்பத்தெட்டு என்றார், வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போன ஆண்டு. இன்னொருவர் வெள்ளைக்காரன் வந்த ஆண்டு என்றார். அப்படியென்றால் ஒல்லாந்தன்? போர்த்துக்கீசன்? ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர், தீவு இந்தியாவிலிருந்து கழன்று போனதுதான் மூலகாரணம், அன்றைக்கே யாராவது தட்டிக் கேட்டிருக்கவேண்டும் என்றார். மண்டபம் ஒரு கணம் அந்தப் பழைய அநியாயத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டது. கடைசியில் நாற்பத்தெட்டும் ஐம்பத்தாறும் மிஞ்சின. வாக்கெடுப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். என்ன நடக்கிறது என்று மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

நாற்பத்தெட்டுக்காரர் எண்ணிக்கையில் கூடுதல். வென்றார்கள். வென்றதும் யோகலிங்கம், இனிப் பேரவையில் ஐம்பத்தாறு என்று யாரும் உச்சரிக்கக்கூடாது என்று அறிவித்தார். பிறகு முன்வரிசைக் கதிரைகள் நாற்பத்தெட்டுக்கு என்றார். பிறகு தேத்தண்ணியோடு கடிக்கப் பொரித்து வைத்த ரோல்ஸ் முதலில் நாற்பத்தெட்டு வரிசைக்குப் போனது, ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேரும்போது தட்டில் உதிர்ந்த தூள்தான் இருந்தது. தவமலர் போய் மரியாதையாகக் கேட்டார். பின்வரிசைக்குத் தனித்தட்டு தருவதாக யோகலிங்கம் ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்தார். அவருடைய ஆட்களே கத்த, அதைத் தானே கிழித்துப்போட்டார். ஐம்பத்தாறுக்காரர் தேத்தண்ணி மேசைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். யாரோ அவர்கள் மேலே தேத்தண்ணி ஊற்றினார்கள். அதற்குப் பிறகு பறந்தது முதலாவது கதிரை.

கையில் பிளாஸ்கோடு நின்ற றோஸ்மலருக்கு இதையெல்லாம் எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. அடுத்து என்ன வரும் என்றும் தெரிந்தது. சுவரோடு ஒண்டினாள்.

வந்தது. பட்மின்டன் களத்தின் நடுக்கோடு எல்லையானது. ஒரு பக்கம் நாற்பத்தெட்டு, மறுபக்கம் ஐம்பத்தாறு. கோட்டுக்கு அந்தப் பக்கம் குசினி, நாற்பத்தெட்டிடம். இந்தப் பக்கம் கழிப்பறை, ஐம்பத்தாறிடம். நாற்பத்தெட்டு உடனே ரோல்சுக்குத் தடை போட்டது. ஐம்பத்தாறு பதிலுக்குக் கழிப்பறைக் கதவைச் சாத்தியது. நாற்பத்தெட்டுக்காரருக்கு வயது என்ன, சலரோகம் எவ்வளவு என்று அவர்கள் யோசித்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யோகலிங்கத்தின் பக்கம் சனம் ஒரு காலில் நின்றது.

கழிப்பறைக்குப் போக பாஸ் எடுக்கவேண்டும். கிறிஸ்துநாயகம் கோட்டில் மேசை போட்டு, கைதுடைக்கும் கடதாசியில் பாஸ் எழுதினார்.

"எத்தனை பேர்? என்ன அலுவல்? எப்ப திரும்புவியள்?"

"டேய் கிறிஸ்து, என்ன அலுவல் எண்டு கேக்கிறியோ? கழிப்பறைக்கடா."

"அது எல்லாரும் சொல்லுறது. ஒண்டுக்கோ ரெண்டுக்கோ? ரெண்டுக்கெண்டால் பிணை வேணும்."

கேட்கிற கேள்வி, குரலின் தோரணை, பேனையால் மேசையில் தட்டுகிற விதம் எல்லாம் ஒரு சோதனைச்சாவடியை நேரில் கண்டவனுடையதாக இருந்தன. எண்பத்தாறில் ஊரைவிட்ட பிள்ளைக்கு இதெல்லாம் எப்படி வரும் என்று றோஸ்மலர் ஒரு கணம் யோசித்தாள். யோசிக்க நேரம் இல்லை, அவள் நின்ற இடம் போர்முனை என்று சொல்லி எழும்பச் சொன்னார்கள். நகர்ந்தாள். அங்கேயும் எழும்பச் சொன்னார்கள். பாதுகாப்பான இடம் என்று அறிவித்த மூலைக்குப் போனாள், கதிரை வந்து விழுந்தது. கடைசியில் குளிர்ச்சட்டைகள் தொங்கும் இடைவழிக்குள், மற்ற விளைவு உறுப்பினர்களோடு போய்க் குந்தினாள். ஒரு தரப்பு அவர்களுக்கு நிவாரணமாக ஒரு ரோல் அனுப்பியது. மற்றத் தரப்பு அதைப் படம் எடுத்தது.

"மத்தியானச் சாப்பாடு எப்ப முடியும்?" என்று றோஸ்மலர் கேட்டாள்.

"தொடங்கேல்லையே" என்றது பக்கத்துச் சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல்.

நல்லவேளை, ஒஸ்லோவிலிருந்து யாரோ ஒருவரின் மருமகன் வந்திருந்தார். மச்சாளின் கலியாணத்துக்கு வந்தவரை யாரோ இழுத்து வந்திருந்தார்கள். ஊர் யுத்தத்தில் சமாதானம் பேச வந்த நோர்வேயில் இருக்கிறார் என்ற ஒரே தகுதிக்காக அவரைச் சமாதானத் தூதராக்கினார்கள். தான் அங்கே மீன் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கோட்டின் மேல் ஒரு கதிரையை வைத்து உட்கார்த்தினார்கள். அவர் சொன்னது ஒவ்வொன்றையும் இரண்டு தரப்பும் வரவேற்றது, ஒவ்வொரு தரமும் வரவேற்ற கையோடு ஒரு ரோலையோ பாஸையோ பறித்தது. மீறல்களைக் கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். மீறியவர்களே அதில் இருந்தார்கள், அனுபவம் உள்ளவர்கள் என்று.

கடைசியில் அவருக்கு எலக்ட்ரீசியன் மூளை வேலை செய்தது. ஒலிவாங்கி நாற்பத்தெட்டின் கையில். அதைச் செருகும் பிளக் இருப்பது ஐம்பத்தாறின் சுவரில். இரண்டு பேரும் சம்மதிக்காமல் மண்டபத்தில் ஒருவரும் பேச ஏலாது.

"ரெண்டு பகுதியும் ஒத்துக்கொள்ளுற ஒரு ஆள் சொல்லுங்கோ" என்றார். "அவர் முதல் பேசட்டும்."

யோகலிங்கம் யோசித்தார். தவமலர் யோசித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் றோஸ்மலர் என்றார்கள்.

ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கியது. யோகலிங்கம் குளிர்ச்சட்டைகளுக்கு இடையால் தலையை விட்டார்.

"பிள்ளை, நல்லாப் பேசும். ஆனால் ஒரு வசனம் சேர்க்கவேணும். தம்பி காணாமல் போனதுக்கு மூலகாரணம் நாப்பத்தெட்டு. அவ்வளவுதான்."

அவர் போக, மற்றப் பக்கத்துச் சட்டைகளுக்கு இடையால் தவமலர் வந்தார். "றோஸ், நாங்கள் பெண்கள். உமக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்பத்தாறாலதான் அவன் போனவன் எண்டு சொல்லும், அழுதுகொண்டு சொன்னால் நல்லம்."

"அவன் தண்ணிக்கான் எடுக்கப் போனவன், அக்கா" என்றாள் றோஸ்மலர்.

"ஓம் ஓம், அம்பத்தாறாலதானே தண்ணியில்லாமல் போனது."

மேடையில் ஏறினாள். பிளக்கைச் செருகினார்கள். கரகரத்தது. இத்தனை வருசம் இதற்காகத்தான் கதிரை அடுக்கினாள். ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தாள்.

"என்ர தம்பியின்ர பேர் டிலுக்சன்" என்றாள். "பத்தொன்பது வயசு. மெலிஞ்ச பிள்ளை, நீலச் சாரம் கட்டியிருந்தவன். கடக்கரையில சனம் நடக்கேக்க தண்ணிக்கான் எடுக்கத் திரும்பிப் போனவன்."

"ஆண்டு!" என்று ஒரு பக்கத்திலிருந்து கத்தினார்கள். "ஆண்டைச் சொல்லும் பிள்ளை" என்றது மறுபக்கம்.

"ஆண்டோ? ரெண்டாயிரத்து ஒன்பது" என்றாள்.

மண்டபம் திகைத்துப் போனது. யாரும் கேள்விப்படாத ஆண்டாக இருந்தது. யோகலிங்கமும் தவமலரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒஸ்லோ மருமகன் குறிப்பெடுப்பதை நிறுத்தினார்.

"ஆராவது கண்டனீங்களோ? அதுதான் கேக்க வந்தனான். வேற ஒண்டும் இல்லை."

கோட்டின் மேல் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிறிஸ்துநாயகம் கையை உயர்த்தினார்.

"கேள்வி நேரம் நன்றியுரைக்குப் பிறகு" என்றார் யோகலிங்கம். கை இறங்கவில்லை.

"கிறிஸ்து, கையை இறக்கும். நீர் எங்கட ஆள்" என்றார் தவமலர்.

"நான் கண்டனான்" என்றார் கிறிஸ்துநாயகம்.

"எண்பத்தாறில வெளிக்கிட்ட ஆள் எப்பிடிக் காணுறது?"

"நான் எண்பத்தாறில வெளிக்கிடேல்லை. கடைசி மட்டும் உள்ளுக்குத்தான் நிண்டனான். முகாமுக்குள்ளயும் இருந்துதான் வந்தனான். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னையும் கதிரை அடுக்க விட்டிருப்பியள்." அவர் றோஸ்மலரைப் பார்த்தார். "டிலுக்சன் கதைச்சால் திக்கும், அக்கா. பாட்டுப் படிச்சால் திக்காது. ஒரு சொல்லு வராட்டி அதைப் பாட்டாச் சொல்லுவான்."

றோஸ்மலர் இதை ஆணைக்குழுவுக்குச் சொல்லவில்லை, முகநூலில் எழுதவில்லை, சாத்திரக்காரருக்கும் சொல்லவில்லை. காணாமல் போன பிள்ளையைத் திக்குவாயன் என்று ஊருக்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒலிவாங்கியை அப்படியே விட்டுவிட்டு மேடையால் இறங்கினாள்.

அவள் இறங்கி முடியுமுன் மண்டபம் கொதித்தது. நாட்டை விட்ட ஆண்டில் மோசடி. பேரவையின் அத்திவாரத்திலேயே கைவைத்துவிட்டான். யோகலிங்கம் கோட்டைத் தாண்டி ஓடிவந்து தவமலரின் கையைப் பிடித்தார். தவமலர் பிடிக்க விட்டார். கிறிஸ்துநாயகத்தை உடனடியாக நீக்கும் தீர்மானத்தை நாற்பத்தெட்டு முன்மொழிய, ஐம்பத்தாறு வழிமொழிந்தது. பேரவையின் சரித்திரத்தில் முதன்முறையாக ஏகமனதாக நிறைவேறியது. குசினி திறந்தது. கழிப்பறை திறந்தது. கட்டிப்பிடித்தார்கள், ரோல்ஸை ஊட்டிவிட்டார்கள், ஒரு காலில் நின்றவர்கள் ஓடினார்கள். ஒஸ்லோ மருமகனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்படி முடியும் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றார் அம்பலவாணர்.

பின்சுவரோடு கிறிஸ்துநாயகமும் றோஸ்மலரும் நின்றார்கள்.

"எங்க இருக்கிறான்?" என்று கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்தார். "கான் எடுக்க வந்தவனுக்குத் திரும்பிப் போக ஏலேல்லை, ரெண்டு பேரும் ஒரே பங்கருக்குள்ளதான் பதுங்கியிருந்தனாங்கள், அக்கா. வெளியில சத்தம் கூடக்கூட, சின்னப்பிள்ளையளுக்குப் பாடிக்கொண்டிருந்தவன். விடியத் தண்ணிக்கு வெளிக்கிட்டவன், செல் விழுந்து வெடிச்சது. நான்தான் மண்ணில தாட்டனான். பேரை மறக்கக்கூடாது, ஆரும் தேடினால் சொல்லவேணும் எண்டு அண்டைக்கே நினைச்சு வச்சனான்."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"ஆர் தேடுகினம் எண்டு தெரியாது." அவர் கண்ணைத் துடைத்தார். "தெரிய வந்திருக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கேக்க, நான்தானே 'அது விளைவு' எண்டு சொல்லிப் பொத்தினனான்."

"படுபாவி" என்றாள் றோஸ்மலர். அவருடைய சேட்டுக் கொலரைக் கொத்தாகப் பிடித்தாள். அடிக்கத்தான் பிடித்தாள். கை ஓங்கவில்லை. தம்பியை மண்ணில் இறக்கிய ஆள், உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே சாட்சி. அந்தச் சேட்டிலேயே முகத்தை வைத்து வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

மேடையில் யோகலிங்கம் ஒலிவாங்கியைத் தட்டினார். இப்போது பிளக்கை எல்லாருமாகச் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் விளக்கேற்றியதில் நேரம் போய், ஒரு முக்கியமான நிகழ்ச்சி விடுபட்டுவிட்டது, மண்டபம் பூட்டுமுன் அதைச் செய்துவிடவேண்டும் என்றார். யுத்தத்தில் இறந்த எங்கள் உறவுகளுக்கு மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்தார்கள். வாயிலிருந்த ரோல்ஸை விழுங்கினார்கள், தலையைக் குனிந்தார்கள்.

யோகலிங்கம் ஒரு கண்ணைத் திறந்து பின்பக்கம் பார்த்தார்.

"பின்னுக்கு ஆரோ அழுகினம்" என்றார். "தயவுசெய்து அமைதியா இருங்கோ. அஞ்சலி நடக்குது."